அம்பரும் எலெக்ட்ரானும் ஓர் எறும்பும்

உலர்ந்த தலைமுடியில் நன்றாகத் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பைச் சிறு காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டு செல்லுங்கள். துணுக்குகள் துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சோதனையை நீங்கள் எல்லோரும் செய்து பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 2600 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர்களும் இதை அறிந்திருந்தார்கள். அவர்களிடம் பிளாஸ்டிக் சீப்பு இல்லை; அம்பர் இருந்தது. தேன் நிறமுள்ள, எடை குறைந்த, அழகான ஒரு கல் அது. கம்பளியில் தேய்த்த அம்பர் வைக்கோல் துரும்புகளைத் தன்பால் இழுத்தது.

கிரேக்க மொழியில் அம்பருக்கு 'எலெக்ட்ரான்' என்று பெயர். 1600ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் கில்பர்ட், அம்பரைப் போல ஈர்க்கும் பொருள்களுக்கு இந்தச் சொல்லிலிருந்தே ஒரு பெயரை ஆக்கினார். மின்சாரத்தைக் குறிக்கும் 'எலெக்ட்ரிசிட்டி' அப்படி வந்ததுதான். 1891இல் ஜார்ஜ் ஸ்டோனி, மின்னூட்டத்தின் மிகச் சிறிய அலகுக்கு எலெக்ட்ரான் என்று பெயர் சூட்டினார். 1897இல் ஜே. ஜே. தாம்சன் அந்தத் துகள் உண்மையிலேயே இருப்பதைச் சோதனைகளால் காட்டினார்.

இவ்வாறு அம்பர், எலெக்ட்ரானுக்குத் தன் பெயரைக் கொடுத்தது. 2022ஆம் ஆண்டில் எலெக்ட்ரான் அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தியது எனலாம். ஓர் அம்பர்த் துண்டுக்குள் சுமார் இரண்டு கோடி ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்த எறும்பு ஒன்று யார் என்பதை, ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்களே கண்டுபிடிக்க உதவின. அந்த எலெக்ட்ரான் இயந்திரம் இல்லாதிருந்தால் அந்த எறும்புக்குத் தவறான முகவரியே எழுதப்பட்டிருக்கும். "இயற்பியல் ஆசிரியருக்கு எறும்பிடம் என்ன வேலை?" என்று என் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பிசின் கல்லாவது எப்படி?

அம்பர் உண்மையில் கல்லே அல்ல. அது மரத்தில் வடிந்த பிசின். பிசின் என்றதும் முருங்கைப் பிசினும் கருவேலம் பிசினும் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் அவை தண்ணீரில் ஊறிக் கூழாகிவிடும். மண்ணுக்குள் நீண்ட காலம் நில்லா. குங்கிலியத்தை நெருப்பில் இட்டுப் புகை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நீரில் கரையாத பிசின் வகையைச் சேர்ந்தது. அந்த வகைப் பிசின்தான் அம்பராக மாறக் கூடியது. மரத்தில் காயம் பட்ட இடத்தில் இப்பிசின் வடிகிறது. ஊர்ந்து செல்லும் எறும்பு, பறந்து வரும் கொசு, உதிர்ந்த பூ, பாசித் துணுக்கு எது ஒட்டினாலும் அடுத்து வடியும் பிசின் அதை மூடிவிடுகிறது. பிறகு மரம் சாய்கிறது, மண் மூடுகிறது. பல லட்சம் ஆண்டுகளில் பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. எளிதில் ஆவியாகும் பகுதிகள் வெளியேறிவிடுகின்றன. எஞ்சுவது அம்பர்.

பாறையில் பதியும் பாசில்களில் உயிரினம் பெரும்பாலும் நசுங்கித் தட்டையாகிவிடும். அம்பரில் அப்படி இல்லை. பூச்சியின் உணர்கொம்பு, காலின் நுனியிலுள்ள நகம், உடல்மீதுள்ள மென்மயிர் வரை கன வடிவம் கெடாமல் நிற்கும். பூச்சிகளின் பழைய வரலாற்றை ஆராய்வோர் அம்பரைத் தேடி அலைவது இதனால்தான்.

அம்பர் ஐரோப்பாவின் பால்டிக் கடற்கரையிலும் மியன்மரிலும் டொமினிக்கன் குடியரசிலும் மிகுதியாகக் கிடைக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பூச்சிகள் அடங்கிய அம்பர் கிடைப்பது மிக அரிது. ஆகவே 2010இல் எத்தியோப்பிய அம்பரைப் பற்றிய முதல் விரிவான ஆய்வு வெளிவந்தபோது விஞ்ஞானிகள் மகிழ்ந்தார்கள். அதன் வயது 9 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று அப்போது கணக்கிடப்பட்டது. அதாவது டைனோசார்கள் வாழ்ந்த காலம்.

அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. பின்னர் நடந்த ஆய்வுகள் எத்தியோப்பிய அம்பரின் வயது 1 கோடியே 60 லட்சம் முதல் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகள் வரை என்று திருத்தின. புவியியலார் மியோசீன் என்று அழைக்கும் காலத்தின் முற்பகுதி அது. ஏழு கோடி ஆண்டுகள் ஒரே வீச்சில் கழிந்துவிட்டன! இவ்வளவு பெரிய வேறுபாடு எப்படி வந்தது என்று நீங்கள் வியக்கலாம். அம்பருக்குள் கடிகாரம் கிடையாது. கார்பன் 14 அணுக்களின் அரை ஆயுட்காலம் 5730 ஆண்டுகளே. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்குள் அவை ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிடும். கோடி ஆண்டுகளை அளக்க அவை உதவா. ஆகவே அம்பர் கிடைத்த மண் அடுக்கையும், அதன் மேலும் கீழும் உள்ள பாறைகளையும், அவற்றுள் இருக்கும் உயிர் எச்சங்களையும் வைத்தே வயதை ஊகிக்க வேண்டும். சுற்றியுள்ள சாட்சிகளைத் தவறாகப் புரிந்துகொண்டால் வயதும் தவறாகிவிடும்.

இந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் எறும்பின் கதையிலும் இதே போன்ற ஒரு திருத்தம் வரப்போகிறது.

பதின்மூன்று ஆண் எறும்புகள்

எத்தியோப்பிய அம்பர்த் துண்டு ஒன்றில் 13 எறும்புகள் சேர்ந்து சிக்கியிருந்தன. அவை அனைத்தும் ஆண்கள்.

ஆண் எறும்பு என்பது அவ்வளவாக நம் கண்ணில் படாத ஒன்று. சர்க்கரை டப்பாவை மொய்ப்பவையும், சுவரில் வரிசையாகச் செல்பவையும், நம்மைக் கடிப்பவையும் எல்லாம் வேலைக்கார எறும்புகள். அவை அனைத்தும் பெண்கள். ஆண் எறும்புகளுக்குச் சிறகுகள் உண்டு. ஆண்டின் குறிப்பிட்ட பருவத்தில் அவை புற்றிலிருந்து வெளியே பறந்து வந்து, இளம் ராணிகளோடு இணைந்து, சில நாள்களில் இறந்துவிடும். மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றிப் பறக்கும் ஈசல்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஈசல்கள் கறையான் இனத்தவை. எறும்பின் இடை குறுகி நூல் போல இருக்கும். ஈசலுக்கு இடையே தெரியாது.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட எறும்பு இனங்கள் 14,000க்கும் மேல். இவற்றில் பெரும்பாலானவை வேலைக்கார எறும்புகளை வைத்தே விவரிக்கப்பட்டவை. பல இனங்களில் ஆண் எப்படி இருக்கும் என்பதே தெரியாது. ஆகையால் ஓர் ஆண் எறும்பை மட்டும் கையில் கொடுத்து 'இது யார்?' என்று கேட்டால் எறும்பு வல்லுநர்களும் தயங்குவார்கள்.

அவர்களுக்கு உதவுவது 'திறவுகோல்' என்னும் வினாப் பட்டியல். தாவரவியல் வகுப்பில் இத்தகைய பட்டியலை நீங்கள் பயன்படுத்தியிருக்கலாம். இந்த உறுப்பு இப்படி இருக்கிறதா? ஆம் என்றால் ஐந்தாம் வினாவுக்குச் செல்க. இல்லை என்றால் எட்டாம் வினாவுக்குச் செல்க. இப்படியே சென்றால் இறுதியில் ஒரு பெயரில் வந்து நிற்போம். எத்தியோப்பிய எறும்பை இவ்வாறு சோதித்தபோது வந்த விடை விஞ்ஞானிகளை நிமிர்ந்து உட்காரச் செய்தது. 'அனூரெட்டினே' என்பதே அந்த விடை.

இலங்கையில் மட்டும் வாழும் ஓர் உறவு

எறும்புக் குடும்பம் பல துணைக்குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. அனூரெட்டினே துணைக்குடும்பத்திலோ இன்று உயிரோடு இருப்பது ஒரே ஓர் இனம். அனூரெட்டஸ் சைமோனி என்பது அதன் பெயர். இத்தாலிய விஞ்ஞானி கார்லோ எமெரி 1893இல் இதனை விவரித்தார். உலகில் இலங்கை ஒன்றில்தான் இது வாழ்கிறது. 1955இல் எட்வர்ட் வில்சன் என்னும் புகழ்பெற்ற எறும்பு ஆராய்ச்சியாளர் இதைத் தேடி இலங்கைக்குச் சென்று, இரத்தினபுரிக்கு அருகிலுள்ள மழைக்காட்டில் இதன் வாழ்க்கையை ஆராய்ந்தார்.

ஆனால் இந்தத் துணைக்குடும்பம் எப்போதும் இப்படிச் சுருங்கி இருந்ததில்லை. பால்டிக் அம்பரிலும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பாறைகளிலும் இதைச் சேர்ந்த பாசில்கள் கிடைத்துள்ளன. ஒரு காலத்தில் வட கண்டங்களில் பரவியிருந்த கூட்டம் அழிந்து அழிந்து, கடைசியில் ஒரு தீவில் ஒரே இனமாக எஞ்சியிருக்கிறது. பெரிய குடும்பம் ஒன்று நொடித்துப்போய், பூர்வீக வீட்டில் ஒருவர் மட்டும் மிஞ்சியிருப்பது போன்ற நிலை இது.

எத்தியோப்பிய எறும்பு இந்தத் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் அதன் பொருள் என்ன? இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் இவை ஆப்பிரிக்காவிலும் இருந்தன என்று எழுத வேண்டும். எப்போது அங்கே சென்றன, எப்படி மறைந்தன என்று காரணம் தேட வேண்டும். ஒரு பாசிலின் மீது ஒட்டப்படும் பெயர்ச்சீட்டு அந்தப் பெட்டியோடு நின்றுவிடுவதில்லை. பின்னால் வரும் ஆய்வாளர்கள் அதை நம்பி வரைபடம் தீட்டுவார்கள். காலக் கணக்குப் போடுவார்கள். பெயர்ச்சீட்டு தவறானால் அதன்மேல் கட்டப்படும் எல்லாமே சாய்ந்துவிடும்.

ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெண்டன் பூடினோவும், பிரான்சின் ரென், போலந்தின் குடான்ஸ்க் ஆகிய நகரங்களிலிருந்தும் ஜெர்மனியின் ஹெரியோன் ஆய்வு மையத்திலிருந்தும் சேர்ந்த அவருடைய தோழர்களும் இந்த விடையை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. இடையும் வயிறும் அனூரெட்டினே போலத்தான் இருந்தன. ஆனால் தலையும் தாடைகளும் உடலின் நுண்ணிய பகுதிகளும் என்ன சொல்கின்றன? அவற்றைப் பார்த்தாக வேண்டும்.

உள்ளே இருப்பதைப் பார்ப்பதில் என்ன சிரமம்?

அம்பர் ஒளி ஊடுருவும் பொருள்தானே, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். வளைந்த மேற்பரப்புள்ள அம்பர் ஒரு லென்சு போல நடந்துகொண்டு உருவத்தைக் கோணலாக்கும். உள்ளே காற்றுக் குமிழ்களும் விரிசல்களும் தூசும் இருக்கும். ஒரு பூச்சியை இன்னொன்று மறைக்கும். மூடியிருக்கும் வாய்க்குள் உள்ள பற்களை எந்தக் கோணத்திலிருந்தும் காண முடியாது. அம்பரை அறுத்து எறும்பை வெளியே எடுக்கவும் வழி இல்லை. அரிய பாசில் சிதைந்துவிடும்.

1895இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்கள் நம் உடலுக்குள் இருக்கும் எலும்பைப் படம் பிடிக்கின்றன. எறும்பையும் அப்படிப் படம் பிடிக்கலாமே? இங்கேதான் சிக்கல். எலும்பில் கால்சியம் இருக்கிறது. அதன் அணு எண் 20. தசையிலும் தோலிலும் மிகுதியாக உள்ள கார்பனின் அணு எண் 6. ஓர் அணு எக்ஸ் கதிரை உறிஞ்சும் திறன், அணு எண்ணின் ஏறத்தாழ நான்காம் படிக்கு ஏற்ப உயர்கிறது. 20ஐ 6ஆல் வகுத்து, வரும் ஈவை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். நூற்றுக்கு மேல் வரும். ஆகவே எலும்பின் நிழல் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எறும்பின் ஓடும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற லேசான அணுக்களால் ஆனது. அதைச் சூழ்ந்துள்ள அம்பரும் அப்படியே. இரண்டும் எக்ஸ் கதிரை ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சுகின்றன. நிழல் விழுவதில்லை.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. தண்ணீர் நிரம்பிய தம்ளருக்குள் ஒரு பனிக்கட்டித் துண்டைப் போடுங்கள். தண்ணீரும் பனிக்கட்டியும் ஒளியைத் தடுப்பதில்லை. ஆயினும் பனிக்கட்டியின் விளிம்பு உங்களுக்குத் தெரிகிறது. அங்கே ஒளி சற்று விலகிச் செல்வதே காரணம். எக்ஸ் கதிர்களும் இவ்வாறு விலகும். ஆனால் அந்த விலகல் மிக மிகச் சிறியது. எக்ஸ் கதிர்களுக்குப் பொருள்களின் விலகல் எண் 1இலிருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே மாறுபடுகிறது. இவ்வளவு நுண்ணிய விலகலைப் படத்தில் காண வேண்டுமானால் மிகச் செறிவான, சிதறாமல் ஏறக்குறைய இணையாகச் செல்லும் எக்ஸ் கதிர்க் கற்றை வேண்டும். மருத்துவமனையிலுள்ள குழாய் அதைத் தராது. அதற்குத்தான் எலெக்ட்ரான்கள் வருகின்றன.

வட்டமாக ஓடும் எலெக்ட்ரான்கள்

மழையில் நனைந்த குடையை விரைவாகச் சுழற்றினால் விளிம்பிலிருந்து நீர்த்துளிகள் தொடுகோட்டுத் திசையில் தெறிக்கும். ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடும் எலெக்ட்ரானைக் காந்தத்தால் வளைத்துத் திருப்பினால் அதுவும் தொடுகோட்டுத் திசையில் ஒளியைத் தெறிக்கிறது. இதற்குச் சின்குரோட்ரான் ஒளி என்று பெயர். 1947இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இது முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. துகள்களை ஆராய்ந்தவர்களுக்குத் தொடக்கத்தில் இது ஒரு தொல்லை. பாடுபட்டு ஏற்றிய ஆற்றல் ஒளியாக வீணாகிறதே என்று வருந்தினார்கள். பின்னர் அந்த ஒளியே ஒரு செல்வம் என்று உணர்ந்தார்கள்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1959இல் தொடங்கப்பட்ட 'டெசி' என்னும் ஆய்வு நிலையத்தில் பெட்ரா என்ற வளையம் இருக்கிறது. அணுக்கருவின் துகள்களைப் பிணைத்து வைக்கும் குளுவான் 1979இல் அங்கேதான் அறியப்பட்டது. அந்த வளையம் மாற்றி அமைக்கப்பட்டு, பெட்ரா-3 என்ற பெயரில் எக்ஸ் கதிர் ஊற்றாகி, 2010 முதல் பல துறை ஆய்வாளர்களுக்கும் பயன்பட்டு வருகிறது. வளையத்தின் சுற்றளவு 2304 மீட்டர். அதில் எலெக்ட்ரான்கள் 600 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு சுற்றுகின்றன. ஒரு வினாடிக்கு எத்தனை சுற்று என்று கணக்கிடுங்கள். ஏறத்தாழ 1,30,000 வரும்!

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். இந்த எலெக்ட்ரானையும் ஓர் ஒளிக் கதிரையும் பந்தயத்தில் ஓட விட்டால், ஒரு வினாடியில் ஒளி 3 லட்சம் கிலோமீட்டர் சென்றிருக்கும். எலெக்ட்ரான் அதைவிட ஏறத்தாழ 1 மீட்டர்தான் பின்தங்கியிருக்கும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி, இவ்வளவு விரைந்து செல்லும் எலெக்ட்ரான் வெளியிடும் ஒளி எல்லாப் பக்கமும் பரவாமல் முன்னோக்கி ஒரு குறுகிய கூம்பாகக் குவிகிறது. நூறு மீட்டர் தொலைவு சென்ற பிறகும் அதன் அகலம் 2 சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கும். வடக்கு, தெற்கு என்று மாறி மாறி வைத்த காந்த வரிசைக்குள் எலெக்ட்ரான்களை நெளிந்து ஓடச் செய்தால் கற்றை இன்னும் செறிவாகும். நமக்கு வேண்டிய எக்ஸ் கதிர் இதுவே. நம் நாட்டிலும் இந்தூர் நகரில் இந்துஸ்-2 என்ற சின்குரோட்ரான் இயங்கி வருகிறது.

நிழல்களிலிருந்து உருவம்

பெட்ரா-3இன் எக்ஸ் கதிர்ப் பாதைகளுள் ஒன்றை ஹெரியோன் ஆய்வு மையத்தினர் நடத்துகிறார்கள். அங்கே எத்தியோப்பிய அம்பர் ஒரு சுழலும் மேடைமீது வைக்கப்பட்டது. மேடை சிறிது சிறிதாகத் திரும்ப, ஒவ்வொரு கோணத்திலும் ஒரு படம் எடுக்கப்பட்டது. இப்படிக் கிடைக்கும் தட்டையான படங்களிலிருந்து கன உருவத்தைக் கணிப்பொறி எவ்வாறு மீட்கிறது? ஒரு சிறு புதிர் மூலம் விளக்குகிறேன். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு அறைகள் கொண்ட ஒரு சதுரம் வரையுங்கள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எண் மறைந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 5, கீழ் வரிசை 9. இடப் பக்க நெடுவரிசை 6, வலப் பக்கம் 8. எண்கள் என்ன?

முயன்று பாருங்கள். மேல் வரிசையில் 1, 4, கீழ் வரிசையில் 5, 4 என்று போட்டால் எல்லாக் கூட்டல்களும் சரியாக வரும். மேலே 2, 3, கீழே 4, 5 என்று போட்டாலும் சரியாகவே வரும். மேலே 3, 2, கீழே 3, 6 என்றாலும் சரிதான். இரண்டு திசைகளிலிருந்து பார்த்தது போதவில்லை. இப்போது இன்னொரு திசையில் பார்க்கிறேன். இட மேல் மூலையிலிருந்து வலக் கீழ் மூலைக்குச் செல்லும் குறுக்குக் கோட்டின் கூட்டுத்தொகை 7. உடனே ஐயம் தீர்ந்துவிடுகிறது. 2, 3, 4, 5 என்பதே விடை.

எக்ஸ் கதிர் ஒரு பொருளை ஊடுருவி வரும்போது வழியிலுள்ள எல்லா அறைகளின் விளைவையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஒரு படம் என்பது கூட்டுத்தொகைகளின் பட்டியல். பல கோணங்களில் எடுத்த படங்களைக் கொண்டு ஒவ்வோர் அறையின் மதிப்பையும் கணிப்பொறி கண்டுபிடிக்கிறது. நான்கு அறைகளுக்குப் பதில் கோடிக்கணக்கான அறைகள், அவ்வளவுதான் வேறுபாடு. இதன் கணித அடிப்படையை 1917இல் யோகான் ராடோன் தந்தார். தென்னாப்பிரிக்காவில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்த ஆலன் கார்மாக் 1963, 1964ஆம் ஆண்டுகளில் இதை எக்ஸ் கதிருக்குப் பொருத்திக் காட்டினார். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவி 1971இல் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தது. இருவருக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவமனையில் 'ஸ்கேன்' என்று சொல்கிறோமே, அதே முறைதான். பெட்ராவில் அது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கை நெருங்கும் நுட்பத்தோடு நடக்கிறது.

திருத்தப்பட்ட முகவரி

கணிப்பொறித் திரையில் எறும்பு அம்பரிலிருந்து விடுபட்டு எழுந்தது. அதைத் திருப்பலாம், கவிழ்க்கலாம், அம்பரில் கீறல்கூட விழாமல் குறுக்கே வெட்டியும் பார்க்கலாம். அதுவரை மறைந்திருந்த தலை, தாடை அமைப்புகள் தெளிவாயின. அவை சொன்ன செய்தி வேறு. இந்த எறும்பு அனூரெட்டினே அல்ல. பொனரினே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது!

பொனரினே எறும்புகள் கொடுக்குள்ள வேட்டைக்காரர்கள். இன்றும் வெப்ப நாடுகளில் ஏராளமாக வாழ்கின்றன. தென்னிந்தியக் காடுகளில் துள்ளிப் பாய்ந்து இரை பிடிக்கும் ஹார்ப்பக்னாதஸ் எறும்பும் இந்தத் துணைக்குடும்பத்ததே. பொனரினே எறும்புகளின் இடைக்கு அடியில் பொதுவாக ஒரு சிறு புடைப்பு இருக்கும். எத்தியோப்பிய எறும்பில் அது இல்லை. உயிரோடு உள்ள பொனரினே வகைகளில் இவ்வாறு புடைப்பு இல்லாதது கிரிப்டோபோனே என்னும் பேரினம். ஆகவே இந்த எறும்பு கிரிப்டோபோனேவுக்கு நெருங்கிய உறவு என்று முடிவு செய்தார்கள்.

இந்த முடிவுக்கு வர இன்னொரு துணையும் இருந்தது. அம்பரில் உள்ள பூச்சியிலிருந்து மரபுப்பொருளை எடுத்துப் படிக்க இயலாது. அது என்றோ சிதைந்துவிட்டது. ஆனால் இன்று வாழும் எறும்புகளின் மரபுப்பொருளை ஒப்பிட்டு, எது எதற்கு உறவு என்னும் வம்ச மரம் வரையப்பட்டிருக்கிறது. எந்த உறுப்பின் வடிவம் உண்மையான உறவைக் காட்டுகிறது, எது தற்செயலாக ஒத்திருக்கிறது என்பதை அந்த மரத்தைக் கொண்டு பிரித்தறியலாம். உயிருள்ளவற்றின் மரபுப்பொருள் பாசிலின் வடிவத்துக்கு விளக்கம் தருகிறது. பாசிலின் வடிவம் வம்ச மரத்துக்குக் காலத்தைத் தருகிறது.

2022இல் அந்த எறும்புக்குப் பெயர் சூட்டினார்கள். விலங்கியல் பெயரிடும் விதிகளின்படி எந்தப் பெயரும் வெளியிடப்பட்ட விளக்கத்தோடு வர வேண்டும். எதை வைத்து விளக்கம் எழுதப்பட்டதோ அந்த மூல மாதிரி, பின்னால் யார் ஐயுற்றாலும் எடுத்துப் பார்க்கும்படி பாதுகாக்கப்பட வேண்டும். பேரினப் பெயரையும் இனப் பெயரையும் சேர்த்து 'டெசியோபோனே ஹெரியோன்' என்று பெயரிட்டார்கள். முதல் சொல்லில் டெசி நிலையம் இருக்கிறது. இரண்டாம் சொல் ஹெரியோன் மையத்தின் பெயர். ஓர் எறும்பு, துகள் முடுக்கி நிலையம் ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது!

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தவறான விடையைத் திருத்தியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அந்தத் தவறுக்கு இட்டுச் சென்ற வினாப் பட்டியலையும் எடுத்துத் திருத்தினார்கள். ஆண் எறும்புகளை இனங்காணும் திறவுகோலைப் புதிதாக எழுதினார்கள். அனூரெட்டினே என்றால் என்ன, பொனரினே என்றால் என்ன என்னும் வரையறைகளையும் மாற்றி அமைத்தார்கள். நாளை இன்னொருவர் கையில் இதைப் போன்ற எறும்பு அகப்பட்டால் அவர் அதே இடத்தில் இடறி விழமாட்டார்.

நீங்கள் கணக்கில் தவறான விடை வந்தால் என்ன செய்கிறீர்கள்? விடையை அடித்துவிட்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துச் சரியானதை எழுதுவோர் பலர். எந்த வரியில் வழி தவறினோம் என்று திரும்பிச் சென்று தேடுவோர் சிலர். இந்த இரண்டாம் பழக்கம்தான் விஞ்ஞானம். எத்தியோப்பிய அம்பரின் வயது ஒரு முறை திருத்தப்பட்டது. அதனுள் இருந்த எறும்பின் குலமும் திருத்தப்பட்டது. இவற்றால் விஞ்ஞானத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. தோற்றத்தை மட்டும் நம்பி நின்றுவிடாமல், இன்னொரு கோணத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதமே அதன் வலிமை. நம் நான்கு அறைப் புதிரிலும் மூன்றாவது திசையில் பார்த்த பிறகுதானே விடை உறுதியாயிற்று!

இனி மழைக்காலத்தில் விளக்கடியில் சிறகுள்ள பூச்சி ஏதேனும் விழுந்தால் உடனே பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். ஒரு கைலென்சை எடுத்து அதன் இடையைப் பாருங்கள். ஈசலா, எறும்பா? எறும்பு என்றால் தலையையும் பாருங்கள். பார்த்ததை நோட்டில் படமாக வரைந்து, நாளைக் குறித்து வையுங்கள். மறுநாள் இன்னொன்று கிடைத்தால் முதல் படத்தோடு ஒப்பிட்டுச் சரி பாருங்கள்.